என் மகள் பேச்சைக் கேட்க வந்தவள்

அவள் பேரை நான் சொல்லப்போவதில்லை. மறந்துபோய்விடவில்லை, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஒரு காலத்தில் எங்கள் வீட்டில் காலையில் பல் விளக்கும்போது தொடங்கினால் பாய் விரிக்கும்வரை என் மகள் தர்ஷினியின் வாயில் அந்தப் பேர்தான். போதாக்குறைக்கு நானும் ஒரு தடவை சொல்ல வேண்டுமா என்ன?

அழகி என்று சொல்ல முடியாது. இதைப் பொறாமையில் சொல்லவில்லை, எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சரி, பொறாமையிலும்தான் சொல்கிறேன். ஒடிசலான உடம்பு. எண்ணெய் காணாத முடி பறந்துகொண்டே இருக்கும். துப்பட்டாவின் ஒரு முனை தெருவைப் பெருக்கிக்கொண்டே வரும். செருப்பின் வார் அறுந்து அதில் ஊக்குக் குத்தியிருப்பாள். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் மின்சார ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து, இரும்பு லாரிகள் போகிற சாலையைத் தாண்டி எங்கள் தெருவுக்குள் வருவதற்குள் முகமெல்லாம் புழுதி படிந்திருக்கும். யூனிவர்சிட்டியில் படித்துவிட்டு அங்கேயே ஆராய்ச்சி செய்கிறவள் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். வீடு வீடாகச் சோப்புப் பவுடர் விற்க வருகிற பெண் என்றுதான் நினைப்பார்கள்.

அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. பேசுகிறவர்கள் பேச்சைக் கேட்பாள்.

எல்லோரும்தானே கேட்கிறோம் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். "அக்கா, இன்னிக்கி ஸ்கூல்ல..." என்று தர்ஷினி ஆரம்பித்துவிட்டு நிறுத்துவாள். நாமாக இருந்தால் என்ன செய்வோம்? "ஸ்கூல்ல இன்னா? மிஸ் அடிச்சாங்களா? பென்சில தொலச்சிட்டியா?" என்று மூன்று கேள்வியை அடுக்குவோம். அவள் ஒன்றும் கேட்க மாட்டாள். பிள்ளையின் முகத்துக்குக் கொஞ்சம் கீழே தன் முகம் இருக்கிற மாதிரி தரையில் உட்கார்ந்திருப்பாள். மின்விசிறி சத்தம் கேட்கும். அடுப்பில் குக்கர் விசில் அடிக்கும். பைக்குள் அவள் போன் கிடந்து உதறும், எடுக்க மாட்டாள். பிள்ளை கால் கட்டைவிரலால் தரையைத் தேய்க்கும், சுவரில் பல்லியைப் பார்க்கும், அப்புறம் மெதுவாக நிஜமான விஷயம் வெளியே வரும். அது முடிகிறவரை நடுவில் புகுந்து பிள்ளையின் வாக்கியத்தை அவள் முடித்துவைத்ததே இல்லை. "குட்", "சூப்பர்" என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க யாருக்குத்தான் வராது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது தர்ஷினியின் பள்ளிக்கூடம் மூலமாக. அப்போது தர்ஷினி மூன்றாம் வகுப்பு. யூனிவர்சிட்டி சைக்காலஜி துறையிலிருந்து ஒரு டீம் வந்திருக்கிறது, தாய் தகப்பன் இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில் பிள்ளைகளோடு உறவு எப்படி இருக்கிறது என்று பார்க்கப்போகிறார்கள், விருப்பம் இருக்கிறவர்கள் கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். கண்ணாடி போட்ட புரொபசர் ஒருவர் வந்து மைக்கில் விளக்கினார். பக்கத்து போர்ஷன் ராணி அக்கா என் காதில் முணுமுணுத்தது.

"சைக்காலஜின்னா பைத்தியத்துக்குப் பாக்குறதாச்சேடி. நம்ம ஊட்டுல யாருக்கு லூசு?"

"உனுக்குத்தான். கம்முனு இரு."

"டப்பு ஏதாச்சும் குடுப்பாங்களா?"

ஒன்றும் கொடுக்க மாட்டார்கள் என்று சொன்ன பிறகும் அது கையெழுத்துப் போட்டது. ராணி அக்கா போட்டால் நான் போடாமல் இருப்பேனா? நானும் போட்டேன். நான் பாட்டில் மூடி செய்கிற கம்பெனியில் பேக்கிங்கில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்கு இரும்பு உருக்குகிற கம்பெனியில் ஷிப்ட் வேலை. பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும் என்றுதான் இருந்தேன்.

முதல் நாள் ஒரு சின்ன கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தினாள். கலர் கலராகக் கட்டைகள், ஒரு வீட்டின் படம். "நீங்களும் பாப்பாவும் சேர்ந்து இந்தப் படத்துல இருக்கிற வீட்டைக் கட்டுங்கக்கா. இது பரீட்சை இல்ல, சரி தப்புன்னு ஒண்ணும் கிடையாது" என்றாள். மதுரைப் பக்கத்துப் பேச்சு. பரீட்சை இல்லையாம்! கேமரா வைத்துப் பார்க்கிறார்கள் என்றால் பிறகு அது என்ன? பேக்கிங் லைனில் என் கை வேகத்தைப் பற்றி சூப்பர்வைசரே சொல்லுவார். தர்ஷினி ஒரு சிவப்புக் கட்டையை எடுத்து எங்கேயோ வைக்கப் போனாள். "இரு இரு, அது இல்ல" என்று கையை நகர்த்திவிட்டு நான் அடுக்கினேன். ஜன்னல், கூரை, வாசல் எல்லாம் படத்தில் இருக்கிற மாதிரி அச்சாக வந்தது. நேரம் முடிவதற்குள்ளேயே முடித்துவிட்டு, இன்னா சொல்றே இப்போ என்று அவளை நிமிர்ந்து பார்த்தேன்.

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான். கேமராவை அணைத்துவிட்டாள்.

ராணி அக்காவின் மகன் கட்டையை அம்மா தலைமேல் அடுக்கினானாம். அது தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்ததாம், எல்லாம் விழுந்து இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போய்விட்டதாம். வீடு கட்டவே இல்லை. "அப்போ நீ ஃபெயிலுக்கா" என்று சொல்லிவிட்டு அன்றைக்கு நிம்மதியாகச் சோறு வடித்தேன். அந்த முதல் நாள் கட்டை விளையாட்டுக்குத்தான் எத்தனை பெருமை எனக்கு! அந்த வீட்டில் ஒரு கட்டையைக்கூட என் மகள் வைக்கவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவே இல்லை.

அதற்கப்புறம் வாரத்தில் ஒரு நாள் வந்தாள், என் வார லீவு நாளாகப் பார்த்து. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு தர்ஷினி வந்ததும் கூடத்தில் இரண்டு பேரும் உட்காருவார்கள். நான் அடுப்படியில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் வரலாம். அதுதான் ஏற்பாடு. என் வீட்டில், நான் வாடகை கொடுக்கிற வீட்டில், எனக்கு அடுப்படி. அவளுக்குக் கூடம்.

நான் பிறந்த ஊர் பழவேற்காட்டுப் பக்கம் ஏரிக்கரைக் குப்பம். தம்பி ஒரு நாள் இறால் கொண்டுவந்து கொடுத்தான். உரித்து, கழுவி, வடை தட்டினேன். தெருமுனை வரைக்கும் வாசனை. தட்டில் வைத்து அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

"மன்னிச்சுக்கங்கக்கா. எந்த வீட்லயும் சாப்பிடக் கூடாதுன்னு எங்க டீம்ல ரூல்ஸ்."

"இன்னாம்மா, எங்க ஊட்டுல கை நனைக்க மாட்டியா? நாங்க இன்னா, ஆவாதவங்களா?"

"அய்யய்யோ, அப்படி இல்லக்கா."

அந்த நேரம் பார்த்து அவள் வயிறு கடமுடவென்று சத்தம் போட்டது. மத்தியானம் சாப்பிடாமல் ரயில் ஏறியிருப்பாள் போல. மூன்று பேருக்கும் கேட்டது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். தட்டை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினேன். அவள் தன் எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள். தர்ஷினிக்குக் கோபம் வந்துவிட்டது.

"அவங்கதான் வேணாம்னு சொல்றாங்களே. அக்காவ ஏம்மா தொல்ல பண்றே?"

நான் தொல்லை! மொத்த வடையையும் ராணி அக்கா வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

இன்னொரு வாரம். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து தர்ஷினியின் குரல் கேட்டது. ஒட்டுக்கேட்கவில்லை, எங்கள் வீட்டு அடுப்படிக்குக் கதவு கிடையாது. "அது பேரு பன்னு. நான்தான் வெச்சேன். மொதல்ல கிட்டவே வராது. அப்புறம் என் டிபன் பாக்ஸ தொறந்தா ஓடிவரும். எனுக்குப் பசிக்காதுக்கா, அது சாப்புடறதப் பாத்தாலே போதும். அன்னிக்கி லாரி திரும்பிச்சா..." என்று நிறுத்தினாள். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் விசும்புகிற சத்தம். நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"இன்னாடி ஆச்சு? யாரு பன்னு?"

இரண்டு பேரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். பூட்டாத பாத்ரூமுக்குள் நுழைந்துவிட்ட ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள்.

"நாய்ம்மா. அது எப்பவோ செத்துப்போச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ வேலைக்குப் போயிருந்தே" என்றாள். அதில் குற்றம் சொல்கிற தொனி கொஞ்சமும் இல்லை. மழை பெய்தது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அந்த நாய் இருந்த மாதம் முழுக்க டிபன் பாக்ஸ் துடைத்த மாதிரி காலியாக வந்தது. என் பொண்ணு இப்போதெல்லாம் ஒரு பருக்கை மிச்சம் வைப்பதில்லை என்று கம்பெனியில் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். தின்றது நாய். செத்தது நாய். அழுதது என் பெண். இத்தனையும் நடந்து முடிந்து, அதைக் கேட்கிற யோகம் மதுரையிலிருந்து வந்த ஒருத்திக்கு. வயிறு எரிந்தது என்று சும்மா எழுதுவதில்லை நான். நிஜமாகவே நெஞ்சுக்குழிக்குக் கீழே எரிந்தது, ஜெலுசில் குடித்தேன்.

சரி, இது என்ன பெரிய வித்தை, நாமும் செய்து பார்ப்போம் என்று மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். தர்ஷினி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் பேசாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி எழுதினாள். அப்புறம் பென்சிலை வைத்துவிட்டு என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லியா? அப்பாவுக்கு போன் பண்ணட்டா?"

"ஒண்ணுமில்ல. எழுது."

"அப்போ ஏன் திட்டாம இருக்கே?"

எழுந்து போய் அரிசி களைந்தேன்.

பிள்ளை ஒரு பக்கம் என்றால் வீட்டுக்காரர் இன்னொரு பக்கம். பத்து வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பதில் சொல்கிற மனுஷன் அவர். ஒரு வாரம் அவரிடம் பேச வேண்டும் என்று அவள் உட்கார்ந்தாள். துணி காயப்போட்டுவிட்டு வருகிறேன், இவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறார். உலை வாசலில் நின்று வேலை செய்துவிட்டு வருகிற கையால் பிள்ளையைத் தொடப் பயமாக இருக்கும், எவ்வளவு கழுவினாலும் சூடு போகாத மாதிரி இருக்கும், அதனால்தான் அவளைத் தூக்காமலே இருந்துவிட்டேன் என்கிறார். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாத விஷயம். அவள் போனதும் பிடித்துக்கொண்டேன்.

"இனிமே அந்தப் பொண்ணு வர வேணாம்னு போன்ல சொல்லிடு."

"ஏன்? அது பாட்டுக்கு வருது, உக்காந்து பேசிக்கினு போவுது. உனுக்கு இன்னா பேஜாரு அதுல?"

"எனுக்கு ஒண்ணுமில்ல. நீ இன்னாத்துக்கு அவகிட்ட கைய காட்டி அழுவுறே? எங்கிட்ட சொன்னா வாய் வெந்துடுமா?"

"நீ எங்கடி கேட்டே?" என்றார்.

அன்றைக்கு ராத்திரி அவர் தட்டை நங்கென்று வைத்தேன்.

அடுத்த வாரம் அவள் புறப்பட்டதும் பின்னாலேயே போய், தெருக்குழாய்ப் பக்கத்தில் மடக்கினேன். ஜாடைமாடையாகக் கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"தே பாரு, எனுக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. எம்பொண்ணு என்னைப் பத்தி இன்னா சொல்றா?"

"அவகிட்டயே கேளுங்கக்கா."

"கேட்டா சொல்ல மாட்டன்றா. அதுக்குத்தானே உன்னை கேக்குறேன்."

"அவ சொன்னத நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்க்கா. நீங்க ஏதாவது சொன்னாலும் அவகிட்ட சொல்ல மாட்டேன்."

"பெத்தவகிட்டகூடவா?"

பை தோளில் சரிய, குழாயடிக் குடங்களுக்கு நடுவில் நின்றுகொண்டு, பிள்ளைக்குக் காத்திருக்கிற மாதிரியே எனக்கும் காத்திருக்க ஆரம்பித்தாள். கடைசியில், "உங்களுக்கு என்ன தெரியணும்னு இருக்குக்கா?" என்றாள் மெதுவாக.

எனக்கு என்ன தெரிய வேண்டும்? என் பெண்ணுக்கு என்மேல் பிரியம் இருக்கிறதா இல்லையா, அதுதான் தெரிய வேண்டும். அது ஒன்றுதான். அதை நடுத்தெருவில், நாலு பேர் தண்ணீர் பிடிக்கிற இடத்தில், ஊக்குக் குத்தின செருப்புக்காரியிடம் கேட்பதா? "ஒண்ணுமில்ல, நீ போ, ரயிலுக்கு நேரமாவுது" என்றேன்.

இதற்கு நடுவில் இன்னொரு கூத்து. பின்தெருவில் தையல்காரர் வீட்டுக்கு ரவிக்கை வாங்கப் போனேன். எதிர்வீட்டு வாசல் திறந்திருந்தது. உள்ளே அவள். அதே மாதிரி தரையில், அதே மாதிரி முகத்தைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு. ஒரு சின்னப் பெண் அவள் முழங்கால்மேல் சாய்ந்துகொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் வீட்டு மாதிரி பல வீடுகள் அவளுக்கு உண்டு என்று எனக்குத் தெரியாதா? ராணி அக்கா வீட்டுக்கே டீமில் இன்னொருத்தி வந்து போகிறாளே. தெரியும்தான். ஆனாலும் கண்ணால் பார்த்தபோது பகீர் என்றது. எங்கள் வீட்டில் உட்காருகிற மாதிரியே இங்கேயும் உட்கார்ந்திருக்கிறாளே, துரோகி என்று தோன்றியது. முதலில் தர்ஷினிக்காகத்தான் கோபம் வந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வருகிற வழியில்தான் தெரிந்தது, கோபம் எனக்காக.

ஏனென்றால் என் முறை இன்னும் வரவில்லை. அம்மாக்களோடு தனியாக ஒரு மணி நேரம் பேசுவது அவர்கள் ஆராய்ச்சியில் ஒரு பகுதி. இரண்டு மூன்று தடவை கேட்டாள், நேரமில்லை என்று தட்டிக்கழித்துவிட்டேன். அந்த வீட்டு வாசலைப் பார்த்த பிறகு நானாகவே, "வர்ற வாரம் எனுக்கு டைம் இருக்கு" என்று சொல்லி அனுப்பினேன்.

வந்தாள். தர்ஷினி பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நான் தலை வாரிப் பூ வைத்து, இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தேன். நாற்காலியைப் போட்டேன். வேண்டாம் என்று தரையில்தான் உட்கார்ந்தாள். நானும் எதிரே உட்கார்ந்தேன். கல்யாணம், வேலை, வீட்டு நடப்பு என்று ஏதேதோ கேட்டுக்கொண்டு வந்து, "சின்ன வயசுல உங்களுக்கு அழுகை வந்தா யார்கிட்டக்கா போவீங்க?" என்றாள்.

"இன்னா கேள்வி இது? அம்மாகிட்டதான் போவேன். எல்லாரும் அப்படித்தானே?"

அவள் தலையாட்டினாள். எழுதவில்லை. அடுத்த கேள்விக்கும் போகவில்லை. சும்மா இருந்தாள். மின்விசிறி சுற்றியது. எத்தனையோ வாரம் அடுப்படியிலிருந்து கேட்ட அமைதிதான் அது. எதிரே உட்கார்ந்தால்தான் அதன் கனம் தெரிகிறது. பொய் சொல்லிவிட்டு அதற்குள் உட்கார்ந்திருக்க முடியாது.

"இல்லம்மா" என்றேன். "எங்கம்மா விடியறதுக்கு முன்னாடியே மீன் கூடைய தூக்கிக்கினு போயிடும். வர்றப்போ அதுவே செத்த பொணம் மாதிரி வரும். அதுகிட்ட போயி இன்னாத்த அழுவுறது? அழுவ வந்தா ஏரில எறங்கிடுவேன். மூஞ்சிய உள்ள உட்டு எடுத்தா கண்ணு செவந்துகினு இருக்கும். கேட்டா உப்புத் தண்ணி பட்டுடுச்சின்னு சொல்லிடலாம்."

அதற்கப்புறம் நான் நிறுத்தவே இல்லை. என்ன சொன்னேன் என்று முழுக்க எழுத மாட்டேன். யாருக்கும் சொல்லாததெல்லாம் சொன்னேன். அவள் கண்ணை எடுக்காமல் கேட்டாள். அடடா, என்ன சுகம் அது! இதைத்தானே என் மகள் வாரா வாரம் தின்றுகொண்டிருந்தாள், எனக்குக் காட்டாமல்!

பள்ளிக்கூடம் விட்டு தர்ஷினி வந்து வாசலில் நின்றாள். பையைக்கூடக் கழற்றாமல் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"அக்கா, நான் வந்துட்டேன்."

"நீ ராணி அத்தை ஊட்டுக்குப் போயி வெளையாடு. அம்மா பேசிக்கினு இருக்கேன் இல்ல?" என்றேன்.

"அக்கா என்னைப் பாக்கத்தானே வருவாங்க."

"இன்னிக்கி என்னைப் பாக்க வந்திருக்காங்க. போ."

போனாள், செருப்பைத் தேய்த்துக்கொண்டு. எனக்குக் கொஞ்சமும் பாவமாக இல்லை.

அதற்கு அடுத்த வாரம் கடைசி. முன்கூட்டியே சொல்லியிருந்தாள், எங்கள் வீட்டில் வேலை முடிந்தது, இனி வர மாட்டேன் என்று. தர்ஷினி அவள் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அவள் குனிந்து பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "நீ சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கும்" என்றாள். நான் அடுப்படி ஓரத்தில் நின்றேன். எனக்கும் ஒரு வார்த்தை அப்படிச் சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன். என் பக்கம் வந்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்து, "வர்றேன்க்கா" என்றாள். அவ்வளவுதான் எனக்கு.

பெட்டிக்கடை முனையில் அவள் திரும்பி மறைகிறவரை அம்மாவும் பெண்ணும் வாசற்படியில் நின்று பார்த்தோம். தர்ஷினி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்காவுக்கு உன்னைப் புடிக்குமா, என்னைப் புடிக்குமா?"

உன்னைத்தான் கண்ணு என்று சொல்ல வேண்டும். அழுகிற பிள்ளையிடம் எந்தத் தாயும் அதைத்தான் சொல்வாள்.

"என்னைத்தான்" என்றேன்.

அவளுக்கு அழுகையே நின்றுபோய்விட்டது. "ஐயே! மூஞ்சப் பாரு. என்னைத்தான் புடிக்கும்."

"ஏன், எனுக்கு இன்னா கொறச்சல்? அன்னிக்கி எங்கிட்ட எவ்ளோ நேரம் பேசினாங்க, பாத்தே இல்ல?"

"எங்கிட்ட எல்லா வாரமும் பேசினாங்க."

"எங்கிட்ட பேசினது பெரிய விஷயம். சின்னப் புள்ளைங்ககிட்ட பேசுறதில்ல அது."

"இன்னா பெரிய விஷயம்? சொல்லு பாப்போம்."

பெற்ற பெண்ணோடு, மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு, தெருவே பார்க்கச் சண்டை போட்டேன். ஜெயிக்க வேண்டும் என்கிற வெறியில் எல்லாவற்றையும் கொட்டினேன். என் அம்மாவின் மீன் கூடை, ஏரி, உப்புத் தண்ணீர், சிவந்த கண் எல்லாம் சொன்னேன். அவள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"நீ அழுவியாம்மா?"

"பின்ன? நான் இன்னா மரமா? இப்போ நீ சொல்லு. உங்கிட்ட அப்படி இன்னாத்த கேட்டுட்டாங்க? அந்த நாய் கதையத்தானே?"

"நாய் கதை ஒரு நாளுதான். மத்த நாளெல்லாம் உன்னைப் பத்திதான் சொன்னேன்."

"என்னைப் பத்தி இன்னா? திட்டுறேன்னா?"

"இல்லியே. நீ வேன்ல தூங்கிக்கினு வர்றதைத்தான்." சண்டை மும்முரத்தில் கையை நீட்டி நீட்டிப் பேசினாள். "தெனமும் தண்ணி டேங்க் ஆண்ட நின்னுக்கினு பாப்பேன். உன் கம்பெனி வேன் அங்கதான் திரும்பும். நீ ஜன்னலாண்ட வாயத் தொறந்துக்கினு தூங்குவே. வேன் திரும்பறப்போ உன் தலை கண்ணாடில டொம்முன்னு இடிக்கும். அப்பவும் முழிக்க மாட்டே. உனுக்கு வலிக்குமேன்னு நான் இங்க தேய்ச்சிக்குவேன்." தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள். "அப்புறம் குறுக்கு வழியில ஓடியாந்து ஊட்டுல உக்காந்துக்குவேன். நான் வெளிய போனது தெரிஞ்சா நீ திட்டுவே இல்ல? இன்னிக்கி ஜன்னல் சீட்டு கெடச்சிதா, இன்னிக்கி தலை இடிச்சிதா, எல்லாம் அக்காகிட்ட சொல்லுவேன். அவங்களுக்கு அது ரொம்பப் புடிக்கும். அதனால என்னைத்தான் புடிக்கும்."

அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். மூச்சு முட்டுகிறது விடு என்று கத்தினாள். விடவில்லை. ராணி அக்கா எட்டிப் பார்த்து, "இன்னாடி, ஊட்டுல யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறியது. ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

இன்றைக்கு தர்ஷினி என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். அந்தப் பெண் எந்த ஊரில் எந்த வீட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறாளோ, நல்லாயிருக்கட்டும் மகராசி. ஆனால் ஒன்றை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆறவில்லை. நான் அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என் மகள் என்மேல் எவ்வளவு உயிராக இருக்கிறாள் என்பதை வாரா வாரம் அவள் கேட்டிருக்கிறாள். கேட்டதை வயிற்றில் வைத்துக்கொண்டு எழுந்து வந்து என் முகத்தைப் பார்த்திருக்கிறாள். எனக்கு வர வேண்டிய பேச்சு அது. முதலில் அவள் காதில்தான் விழுந்தது, எனக்கு இரண்டாவதாகத்தான் கிடைத்தது. அதை மட்டும் நான் அவளுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.